நெட்டித் தொப்பியின் கதை

ஒருவன் நம்மை ஏமாற்றினால் ‘குல்லாப் போட்டுவிட்டான்’ என்கிறோம். பெரிய துன்பம் சிறிய இழப்போடு விலகினால் ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்கிறோம். நம் பேச்சு வழக்கில் தலையில் அணியும் பொருளுக்கு மதிப்புச் சற்றுக் குறைவுதான். வெண்தொப்பி இல்லாத எம்.ஜி.ஆரை நம்மால் எண்ணிப் பார்க்க முடியாது. ஆயினும், தொப்பி என்பதை யார் செய்கிறார்கள், எதனால் செய்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நான் கேட்டதில்லை. கொல்கத்தாவுக்குப் படிக்க வந்து, ஒரு வங்காளியர் திருமணத்தில் விருந்துண்ட பிறகே கேட்கத் தொடங்கினேன். கேட்டதையும் கண்டதையும் நம் சங்க நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அவ்வாண்டு பொங்கலுக்கு ஊர் செல்ல எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. என் வாட்டத்தைக் கண்ட வகுப்பு நண்பர் ஒருவர், அதே தை மாதத்தில் நடந்த தம் அண்ணனின் திருமணத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். மணமகன் வேட்டியும் பட்டு ஜிப்பாவும் அணிந்து வந்தார். தலையில் கூம்பு வடிவான வெள்ளைத் தொப்பி. அடியில் வட்டமான கட்டு; மேலே போகப் போகச் சிறுத்து, கோயில் விமானம் போல அடுக்கடுக்காக எழுந்து, உச்சியில் ஒரு கொழுந்து; இரு பக்கமும் தொங்கும் வெள்ளைச் சரங்கள். அதற்கு ‘டோபர்’ என்று பெயர். மணமகளின் நெற்றிக்கு மேலும் அதே வெண்மையில் ஒரு முடி இருந்தது. அதை ‘முகுட்’ என்றார்கள்.

சடங்குகளுக்கு இடையில் மணமகன் அதைக் கழற்றி, சற்று நேரம் வைத்திருக்கும்படி என்னிடம் கொடுத்தார். கனத்தை எதிர்பார்த்து ஏந்திய என் கைகள் ஏமாந்து போயின. அதற்கு எடை என்பதே இல்லை. வியப்பில் விரல் நகத்தால் ஓரத்தை மெல்ல அழுத்தினேன். நகத்தின் தடம் அப்படியே பதிந்தது. “அடடா, இது நம்ம நெட்டி!” என்று கூவிவிட்டேன். தமிழில் கூவியதால் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும், ஒரு செடியின் பெயருக்கு இவன் ஏன் இப்படி மகிழ்கிறான் என்றே எண்ணியிருப்பார்கள்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் என் ஊர். மாட்டுப் பொங்கலன்று எங்கள் மாடுகளின் கழுத்தில் வண்ண வண்ணமான நெட்டி மாலை கட்டுவோம். பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் பல குடும்பங்கள் அதைத் தொழிலாகச் செய்துவருகின்றன. அதே நெட்டியைக் கொண்டு தஞ்சாவூர்க் கலைஞர்கள் பெரிய கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கும் அளவில் செதுக்குகிறார்கள். அந்தத் தஞ்சை நெட்டி வேலைக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவற்றையெல்லாம் அறிந்திருந்த எனக்கு, மாட்டின் கழுத்தில் ஆடிய பொருளே வங்காளத்தில் மணமகனின் தலையில் ஏறி அமர்ந்திருக்கிறது என்பது புதுமையாக இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்த கொள்ளுத் தாத்தாவின் ‘சோலாத் தொப்பி’ ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தது. இரும்பும் தோலும் கொண்டு செய்தது என்று எண்ணி, சிறு வயதில் அதை அணிந்து போர் விளையாடியிருக்கிறேன். ஒருநாள் கீழே விழுந்து உடைந்தது. காக்கித் துணி கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாய் ஏதோ உதிர்ந்தது. பாட்டி என்னைத் திட்டிக்கொண்டே அதை அள்ளிப் போட்டார். அந்த வெள்ளையும் இதே நெட்டிதான். மாட்டுக்கு மாலை, ஓவர்சீயருக்குத் தொப்பி, வங்க மாப்பிள்ளைக்கு மணிமுடி. மூன்றும் ஒரே தண்டு!

இச்செடியைத் தாவர நூலார் ‘ஈஸ்கைனோமினி ஆஸ்பெரா’ என்பர். அவரை, துவரை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. குளம், சதுப்பு நிலம், தண்ணீர் தேங்கிய நெல் வயல் ஆகிய இடங்களில் தானே முளைத்து வளரும். உழவனுக்கு அது களை. மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரிலிருந்து தண்டுகளைப் பிடுங்கி வெயிலில் காய வைக்கிறார்கள். மெல்லிய பழுப்புத் தோலைச் சீவி எடுத்தால் உள்ளே பால் நிறத்தில் தக்கை இருக்கும். அதன் நுண்ணறைகள் முழுவதும் காற்று. ஆகவேதான் அது கனப்பதில்லை. வெப்பத்தையும் எளிதில் கடத்துவதில்லை. வங்காளிகள் இதனைச் ‘சோலா’ என்கிறார்கள். அச்சொல்லின் பொருள் அறியாத ஆங்கிலேயர் பலர், வெயிலுக்கு அணிவதால் ‘சோலார்’ என்பதே சரி என்று எண்ணிச் சூரியனோடு முடிச்சுப் போட்டுவிட்டனர். உண்மையில் அத்தொப்பியின் பெயர் சூரியனிலிருந்து வந்ததன்று, குளத்திலிருந்து வந்தது.

தொப்பி செய்யும் கலையில் மூன்று வழிகளை இங்கே சொல்லலாம். முதலாவது, முயல், பீவர் போன்ற விலங்குகளின் மயிரை நனைத்து இறுக்கிக் கம்பளமாக்கி, மரத்தால் ஆன தலை அச்சின்மேல் நீராவி காட்டி இழுத்து வடிவம் கொடுப்பது. இரண்டாவது, வைக்கோல், பனை ஓலை, நார் முதலியவற்றைப் பின்னுவது. மூன்றாவது, தக்கையை அடுக்கி ஒட்டியோ செதுக்கியோ செய்வது. மேல்நாட்டில் பெண்களுக்குத் தொப்பி செய்பவரை ‘மில்லினர்’ என்கிறார்கள். இத்தாலியில் உள்ள மிலான் நகரத்திலிருந்து வந்த ரிப்பன்களையும் கையுறைகளையும் அணிகளையும் விற்றவர்களுக்கு வழங்கிய பெயர் அது.

மேல்நாட்டுத் தொப்பித் தொழிலாளரின் கதையும் துயரம் கலந்ததே. மயிரை இறுக்குவதற்குப் பாதரசக் கலவையைப் பயன்படுத்திய காலத்தில், அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்களுக்குக் கைநடுக்கமும் மனக்கலக்கமும் உண்டாயின. அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கத்தை நிறுத்தினார்கள். அணிந்தவன் தலை நிமிர்ந்தது; செய்தவன் கை நடுங்கியது.

இன்று அங்கே நிலை மாறியிருக்கிறது. லண்டனில் தொழில் நடத்தும் ஸ்டீபன் ஜோன்ஸ், ஃபிலிப் டிரேசி போன்ற தொப்பிக் கலைஞர்கள் ஓவியர்களைப் போல மதிக்கப்படுகிறார்கள். 2011ஆம் ஆண்டில் நடந்த இளவரசர் வில்லியமின் திருமணத்திற்கு இளவரசி பியாட்ரிஸ் அணிந்து வந்த தொப்பி டிரேசியின் கைவண்ணம். அதைக் கண்டு சிரித்தவர் பலர். ஆனால் அடுத்த மாதமே குழந்தைகள் நலனுக்காக அதை ஏலத்தில் விட்டபோது 81,100 பவுனுக்கு மேல் விலை போயிற்று. ஒரே ஒரு நாள் அணிந்த தொப்பி! இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் டோபரும் ஒரே ஓர் இரவு அணிவதுதான். அதைச் செய்தவரின் பெயரை அன்றைய திருமண வீட்டில் நான் விசாரித்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. பூசைப் பொருள்கள் விற்கும் ‘தசகர்மா பண்டார்’ கடையில் வாங்கியதாகச் சொன்னார்கள்.

முதலில் சோலாத் தொப்பியின் வரலாற்றைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயரிடையே அது பரவலாயிற்று. செய்முறை எளிது. தக்கையைப் பட்டை பட்டையாகச் சீவி, மர அச்சின்மேல் மாவுப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். காய்ந்ததும் ஓரங்களை வெட்டிச் சீராக்கி, மேலே வெள்ளை அல்லது காக்கித் துணியும் உள்ளே மெல்லிய துணியும் தைப்பார்கள். நெற்றியைச் சுற்றித் தோல் வார் வரும். காற்று உலவுவதற்காக அந்த வாருக்கும் தொப்பிக்கும் இடையே சிறிது வெளி விட்டு, உச்சியில் மூடி போட்ட ஒரு துளையும் வைப்பார்கள். வெயிலுக்கு இதனினும் நல்ல தொப்பி கிடையாது. மழையில் நனைந்தால் மட்டும் தளர்ந்து கெட்டுவிடும்.

நல்ல பொருள்தான். ஆனால் அதைச் சுற்றி ஒரு பொய்யான கொள்கை வளர்ந்தது. வெப்ப நாட்டுச் சூரியனின் கதிர் வெள்ளையரின் மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்கும் என்று நம்பினார்கள். சார்லஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் 1905இல் இதைப் பற்றி ஒரு தடித்த நூலே எழுதினார். முதுகெலும்பைக் காப்பாற்றச் சட்டையின் பின்புறம் மெத்தை வைத்துத் தைத்துக் கொண்டவர்களும் உண்டு. பிலிப்பைன்ஸ் தீவில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குச் செந்நிற உள்ளாடை அணிவித்து, கதிர் உள்ளே புகுகிறதா என்று ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு அதனால் எந்த நன்மையும் ஏற்படவில்லை. கூடுதலாக வியர்த்ததுதான் மிச்சம்!

ஐரோப்பியக் குழந்தைகள் வெயிலில் தொப்பியின்றி ஓர் அடி எடுத்து வைத்தாலும் ஆயாவுக்கு வசவு விழும். அந்த ஆயாவோ, வயலில் நின்ற உழவனோ, தலையில் ஒரு துண்டோடு அதே வெயிலில் நின்றார்கள். அவர்களுடைய மண்டை தடித்தது என்று விளக்கம் சொன்னார்கள். தொப்பி ஆளும் இனத்தின் அடையாளம் ஆயிற்று. அரசாங்க வேலைக்குச் சென்ற நம்மவர் சிலரும் அதை அணிந்து, அந்த அதிகாரத்தில் ஒரு துளியைத் தலையில் தாங்கினார்கள். என் கொள்ளுத் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். வாய்க்கால் கரையில் வெயிலுக்காக அணிந்தாரா, மதிப்புக்காக அணிந்தாரா என்பதை இப்போது யாரைக் கேட்பது?

இரண்டாம் உலகப் போர் வந்தது. இலட்சக்கணக்கான படைவீரர்கள் துணித்தொப்பியோடும், சில வேளை வெறுந்தலையோடும், இந்தியாவிலும் பர்மாவிலும் வெயிலில் உழைத்தார்கள். மூளை உருகவில்லை. வெயில் தாக்குவது மண்டையோட்டின் வழியாக அன்று. உடல் முழுவதும் சூடேறி, வியர்வையால் அதைத் தணிக்க முடியாமல் போவதே காரணம் என்பது தெளிவாயிற்று. வேண்டியது நிழலும் தண்ணீரும் உப்பும். 1962இல் ரென்போர்ன் என்ற மருத்துவர் ‘சோலாத் தொப்பியின் வாழ்வும் சாவும்’ என்ற பொருளில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்.

கப்பலில் இந்தியாவுக்கு வருவோர் எகிப்தின் போர்ட் சையிது துறைமுகத்தில் ‘சைமன் ஆர்ட்ஸ்’ என்னும் பெருங்கடையில் தொப்பி வாங்குவது வழக்கம். ஆட்சி முடிந்து திரும்பியவர்கள் அதே துறைமுகத்தைக் கடக்கும்போது தொப்பிகளைக் கடலில் வீசினார்கள் என்றும் சொல்வதுண்டு. தக்கை அல்லவா, மூழ்கியிராது, மிதந்திருக்கும்!

சரி, அந்தத் தொப்பி போயிற்று. டோபர் மட்டும் எப்படி நிலைத்தது? இதை அறிய வேண்டும் என்ற ஆவலால், நண்பரோடு கிழக்கு பர்த்தமான் மாவட்டத்தில் உள்ள பன்காபாசி என்னும் ஊருக்குச் சென்றேன். ஹௌராவிலிருந்து கட்வா வரை ரயில்; பிறகு பேருந்து. சோலா வேலைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அத்தொழிலைச் செய்பவர்களை மாலாகார் என்கிறார்கள். மாலை கட்டுவோர் என்பது பொருள். பெயரைக் கேட்டதும் நரசிங்கம்பேட்டை நினைவு வந்ததில் வியப்பில்லை.

ஒரு முதியவர் எங்களை வரவேற்று, தம் பாய்க்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். நண்பர் மொழிபெயர்க்க, அவர் சொன்ன கதை இது. சிவபெருமான் தம் திருமணத்திற்கு வெள்ளை நிற முடியும் மாலையும் வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். விசுவகர்மாவாலும் அதைச் செய்ய இயலவில்லை. உடனே சிவன் தம் சடையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி நீரில் எறிந்தார். சோலாச் செடி முளைத்தது. அதைச் செதுக்க ஆள் வேண்டுமே? மற்றொரு மயிரை எறிந்தார். ஓர் இளைஞன் எழுந்து வந்தான். அவனே முதல் மாலாகார். “எங்கள் குலத்துக்கு முன்னோர் சிவனுடைய முடி” என்று சொல்லிச் சிரித்தார் பெரியவர். அவர் தலை முழு வழுக்கை.

சிரித்துக்கொண்டே அவர் கை வேலை செய்தது. முழநீளத் தண்டு ஒன்றை எடுத்துத் தோலைச் சீவினார். அகன்ற நீண்ட கத்தியின் விளிம்பில் அதைப் பொருத்தி, இடக்கையால் மெல்ல உருட்டினார். உருளும் தண்டிலிருந்து, சுருட்டி வைத்த பாய் விரிவது போல, காகிதம் போன்ற ஏடு ஒன்று அறுபடாமல் நீண்டுகொண்டே வந்தது. ஓரிடத்திலும் தடிப்பு இல்லை, கிழிசல் இல்லை. நானும் ஆசைப்பட்டு வாங்கி உருட்டினேன். முதல் சுற்றிலேயே தண்டு இரண்டாயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டுகளை எடுத்துப் பூ செய்யும் கூடையில் போட்டார். எந்தத் துண்டும் அங்கே வீணாவதில்லை.

ஏடுகளை மடித்து, நறுக்கி, சுருட்டி மலராக்குகிறார்கள். தடித்த தக்கையை வெட்டி அடிக்கட்டு செய்கிறார்கள். மேலே அடுக்குகளைப் பசையிட்டு ஏற்றி, சரங்களைத் தொங்கவிடுகிறார்கள். காலையில் அவர் தொடங்கிய டோபர் மாலையில் நாங்கள் புறப்படும் வேளையில்தான் முடிந்தது. வங்காளத்து ஆண்மகன் முதன்முதலில் சோறு உண்ணும் சடங்கில் சிறியதாக ஒரு டோபர் அணிகிறான். மணமேடையில் பெரிதாக ஒன்று. வாழ்வில் இருமுறை. வெயிலைத் தடுப்பதற்காக அன்று. ‘இன்று இவன் நமக்கு அரசன்’ என்று வீட்டார் சொல்லும் வாழ்த்தே அந்தத் தொப்பி.

இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. இன்றியமையாதது என்று சொல்லித் தலையில் ஏற்றிய தொப்பி, அந்தத் தேவை பொய் என்று தெரிந்ததும் விழுந்தது. ஒரு தேவைக்கும் உதவாத தொப்பியோ, அன்பினால் சூட்டப்படுவதால் நிலைத்து நிற்கிறது. அதிகாரம் சூட்டியது அழிந்தது. உறவு சூட்டியது வாழ்கிறது.

இப்படி முடித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு எழுந்திருக்கலாம். ஆனால் பெரியவர் இரண்டு டோபர்களை என் முன்னால் வைத்து, எது நல்லது என்று கேட்டார். நெட்டியை நகத்தால் அறிந்தவன் நான் என்ற செருக்கோடு, தொட்டுப் பார்க்காமலே, கூடுதலாக வெளுத்திருந்ததைச் சுட்டினேன். அவர் தலையை அசைத்தார். நான் காட்டியது தெர்மோகோல். நெட்டியின் வெண்மை பால் வெண்மை. தெர்மோகோலின் வெண்மை கண்ணைப் பறிக்கும் வெண்மை. “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். “அதையும் நான்தான் செய்தேன்” என்றார். கடைக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். நாள் முழுவதும் உழைத்துச் செய்யும் டோபருக்கும், வெட்டி ஒட்டிவிடும் தெர்மோகோல் டோபருக்கும் வாங்குவோர் வேறுபாடு காண்பதில்லையாம். என்னைப் போல!

அலங்காரத்திற்குத் தெர்மோகோலைப் பயன்படுத்துவது நாடு முழுவதும் 2022ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. தடைக்குப் பிறகும் அதைக் கடையில் கண்டவன் நான். நெட்டி குளத்தில் பிறந்து, குளத்தில் விழுந்தால் மக்கிப் போகும். தெர்மோகோல் மக்காது, உடைந்து உடைந்து மீன் வாயில் போய்ச் சேரும். குளங்களைத் தூர்த்து வீடு கட்டுகிறோம். வயலில் களைக்கொல்லி தெளிக்கிறோம். செடி அருகும்போது தண்டின் விலை ஏறுகிறது. தண்டின் விலை ஏறும்போது பெரியவரின் கை தெர்மோகோலுக்குப் போகிறது. அவருடைய மகன் ஊரில் இல்லை. வெளியூரில் வேலை தேடிக்கொண்டான். பவுன் கணக்கில் ஏலம் கேட்க நாம் யாரும் வேண்டாம். எது நெட்டி, எது போலி என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தாலே அக்கத்தி துருப்பிடிக்காது.

விடுதிக்குத் திரும்பியதும் அம்மாவுடன் தொலைபேசியில் பேசினேன். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி, “இந்தப் பொங்கலுக்கு மாட்டுக்கு என்ன மாலை போட்டீங்க?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. “கடைத்தெருவில பளபளன்னு பிளாஸ்டிக் மாலை வந்திருந்ததுப்பா. அடுத்த வருஷத்துக்கும் ஆகும்னு அப்பா வாங்கிட்டு வந்துட்டார்” என்றார் அம்மா. பெரியவரிடம் தெர்மோகோலைக் கேட்ட கடைக்காரரை மனத்துக்குள் கடிந்துகொண்டிருந்த எனக்கு அதற்குமேல் பேச வாய் எழவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நரசிங்கம்பேட்டை மாலைதான் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். நண்பர்களே, நீங்களும் ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்குங்கள். இங்கே வங்க நண்பர் திருமணத்திற்குச் சென்றால் டோபரைக் கையில் வாங்கிப் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். நான் நம்பி ஏமாந்தேன்.  நெட்டியா, போலியா என்று கேட்டு அறியுங்கள்.